நாற்பத்து மூன்று வீடுகள்

என் தங்கை என் திரைச்சீலைக் கடைக்கு வந்து, தேவையே இல்லாத துணியை விரலால் தேய்த்துப் பார்க்கிறாள் என்றால், வீட்டில் ஏதோ கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் மூன்று சுருளைத் தேய்த்துவிட்டாள். நாலாவதில் கை வைக்கும் முன் நானே கேட்டேன்.

"என்னம்மா, மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லலண்ணே. டைப் பண்ணி வெச்சிருக்கார்."

"எதை?"

"ராஜினாமாவை."

மாப்பிள்ளை என்று நான் சொல்வது அவள் கணவரை. எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபையின் போதகர். அதே சபையில் நான் மூப்பர். மூப்பர்கள் கூடும் கூட்டத்தை செஷன் என்போம். அதற்குத் தலைமை அவர், குறிப்பெழுதும் கிளார்க் நான். வீட்டில் 'மாப்ளே', செஷனில் 'மாடரேட்டர் அவர்களே'. இரண்டையும் இடம் மாற்றிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட நாட்களும் உண்டு.

விஷயம் இதுதான். போன வாரம் ஓர் அடக்க ஆராதனை. கல்லறைக் குழியருகே நின்று ஜெபத்தை வாசித்தவர், போன மாதம் அடக்கம் பண்ணியவருடைய பெயரை வாசித்துவிட்டார். கம்ப்யூட்டரில் இருந்த பழைய தாளில் பெயரை மாற்ற மறந்துபோயிருக்கிறார். இறந்தவரின் மனைவி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார். அவ்வளவுதான்.

"யாராவது திட்டியிருந்தா தேவலையாம்ணே. ஒருத்தரும் வாயே திறக்கல. 'பதினாறு வருஷத்துல நான் மெஷினாயிட்டேன், அது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, நான்தான் கடைசியா தெரிஞ்சுக்கிட்டேன்'னு சொல்றார். அடுத்த செஷன்ல லெட்டரைக் கொடுக்கப் போறார். வேற சபைக்குப் போறதுக்கில்ல. ஊழியத்தையே விடறதுக்கு."

"விட்டுட்டு?"

"அதைக் கேட்டா ஜன்னலைப் பார்க்கிறார்."

சொல்லிவிட்டு அவளும் என் கடை ஜன்னலைப் பார்த்தாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் அழவில்லை.

செஷனுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. மூன்று தலைமுறையாகத் துணி விற்கிற குடும்பம் எங்களுடையது. வாசற்படி தாண்டிப்போன வாடிக்கையாளரை என் அப்பா தெருமுனையிலிருந்து திருப்பிக் கூட்டிவந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆறு வாரம் எனக்குத் தாராளம்.

எங்கள் வட்டாரத்துச் சபைகள் எல்லாவற்றுக்கும் மேலே பிரஸ்பிட்டரி என்று ஒரு மன்றம் இருக்கிறது. அதன் செயலாளருக்குப் போன் போட்டேன். போதகருக்கு மூன்று மாதம் விடுப்பு கேட்டேன். பதிலுக்கு ஆளில்லை என்றார். ஓர் உதவிப் போதகர் கேட்டேன். சிரித்தார். ஒரு மாதம், இரண்டு வாரம் என்று நான் இறங்கிக்கொண்டே வர, மனிதர் கடைசியில் வேறொரு சரக்கை எடுத்துப் போட்டார்.

"புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்கோம். களைச்சுப் போன போதகர்களுக்கு ஒரு கோச். வாரம் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து பேசுவாங்க. ஆறு வாரம்."

"கோச்சா? எங்க மாப்பிள்ளை ஓட்டப் பந்தயத்துக்கா போறார்?"

"ஓடிப் போயிடாம இருக்கத்தான்யா!"

மாப்பிள்ளை மறுக்கவில்லை. "ஆறு தடவைதானே, வரட்டும். எல்லாம் செஞ்சு பார்த்தாச்சுன்னு நாளைக்கு நீங்க சொல்லிக்கலாம்" என்றார். வாங்கப்போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டுக் கடைக்குள் வருகிறவரின் மரியாதை அது. எனக்கு நன்றாகவே தெரியும்.

வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர் வருவார் என்று நினைத்திருந்தேன். வந்தது, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிய ஓர் அம்மா. நகரத்தின் மறுகோடியில் ஒரு சின்னச் சபைக்குப் போதகர். மாப்பிள்ளையைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆலயத்தில் மாப்பிள்ளையின் அறைக் கதவை நாலு நிமிடத்துக்கொருவர் தட்டுவதால், என் கடை மாடியில், துணிச் சுருள்களுக்கு நடுவே இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தேன். பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். அந்தச் சுருள்களுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றால் எல்லாம் கேட்கும். ஆள் நின்றார்.

"இந்த வாரம் என்னென்ன செஞ்சீங்க, பாஸ்டர்?"

மாப்பிள்ளை சொல்லத் தொடங்கினார். ஆஸ்பத்திரிக்கு ஐந்து தடவை. பாடகர் குழுவில் யார் முன்வரிசை என்று சண்டை. ஒழுகுகிற கூரைக்கு ஆள் பிடித்தது. மைக் சரி செய்தது. ஒரு கணவன் மனைவிக்கு நடுவில் இரண்டு மாலை. கேட் பூட்டுச் சாவி தொலைந்ததால் சுவர் ஏறிக் குதித்தது. இந்தக் கடைசி விஷயம் எனக்கே புதிது.

"ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம்?"

"பழசு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது."

"சரி. இதுல எல்லாம் உங்களால மட்டுமே முடியறது எது?"

பதில் இல்லை. அந்த அம்மாவும் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. கீழே தெருவில் ஒரு லாரி பின்பக்கமாக வந்து, நின்று, சரக்கிறக்கி, போயே விட்டது. எங்கள் தொழிலில் விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வதற்குப் பத்து வருடப் பழக்கம் வேண்டும். முதலில் வாயைத் திறக்கிறவர் இறங்கிவிட்டார் என்று பொருள். இந்த அம்மா எந்தக் கடைத்தெருவில் பிறந்தாரோ என்று எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

"தெரியலம்மா" என்றார் மாப்பிள்ளை கடைசியில். குரல் உடைந்திருந்தது.

"சரி. இன்னிக்கு இது போதும்."

இது போதுமா! வாடிக்கையாளர் பையைத் திறக்கும் நேரத்தில் கடையைச் சாத்துகிறாரே! அவர் படியிறங்கும்போது மடக்கினேன்.

"அம்மா, சுத்தி வளைக்காம சொல்றேன். அவர்கிட்ட 'போகாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பார்."

"நான் சொல்ல மாட்டேங்க."

"அப்ப எதுக்கு வர்றீங்க?"

"கேக்கறதுக்கு." ஹெல்மெட்டை மாட்டப் போனவர் நிறுத்தினார். "நீங்க மூப்பராகி எத்தனை வருஷமாச்சு?"

"பதினொண்ணு."

"உங்க பொறுப்புல எத்தனை வீடு?"

எங்கள் வழக்கப்படி சபைக் குடும்பங்களை வட்டம் வட்டமாக மூப்பர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நோயோ துக்கமோ, முதலில் போக வேண்டியவர் அந்த வட்டத்து மூப்பர்.

"பன்னெண்டு."

"கடைசியா எந்த வீட்டுக்குப் போனீங்க?"

"கஸ்டமர் நிக்கறாங்கம்மா" என்றேன். கடையில் ஈ கூட இல்லை. அவர் அதையும் பார்த்தார்.

"அடுத்த வாரத்துலேர்ந்து நாங்க பேசற நேரத்துல மாடியில துணி அடுக்க யாரும் வேணாங்க. தூசி பறக்குது."

அதன்பிறகு நான் கீழேதான். இரண்டாம் வாரம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் வாரம் மாப்பிள்ளை திங்கட்கிழமை முழுக்கப் போனை அணைத்துவிட்டுத் தூங்கியதாகத் தங்கை சொன்னாள். நான் குஷியானேன். நாலாம் வாரம் அவர் வரவேயில்லை.

"லெட்டர்ல ரெண்டு வார்த்தையை மாத்திட்டிருக்கார்ணே" என்று தங்கை போனில் சொன்னாள்.

மாடிக்கு ஓடினேன். "அம்மா, அவர் வரலயாம். போன் போடுங்க. இல்லன்னா நான் போய் இழுத்துட்டு வர்றேன்."

"வேணாங்க. இது அவரோட ஒரு மணி நேரம். நான் இருக்கேன்."

காலி நாற்காலிக்கு எதிரே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. தங்கைக்குப் போன் பண்ணி இந்தக் காட்சியை மட்டும் சொன்னேன். ஐம்பதாவது நிமிடம் மாப்பிள்ளை கடைக்குள் நுழைந்தார். சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. என்னைப் பார்க்காமல் படியேறினார். பத்தே நிமிடம். இறங்கி வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"மச்சான், மூப்பர்களோட வட்டப் பட்டியல் உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு. எதுக்கு?"

"கொடுங்க."

கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஐந்தாம் வாரமும் ஆறாம் வாரமும் நேரத்துக்கு வந்தார். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லெட்டர் என்னாயிற்று என்று கேட்டதற்குத் தங்கை, "பத்திரமா இருக்கு. கிழிக்கல" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு செஷன் கூடியது. ஆலயத்தின் பின்னறை, நீள மேஜை, எட்டு மூப்பர்கள். மாப்பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு வெள்ளைக் கவரின் விளிம்பு தெரிந்தது. எங்கள் நிகழ்ச்சி நிரல் எப்போதும் ஒன்றுதான். முதலில் ஜெபம், பிறகு போதகர் அறிக்கை, அடுத்தது 'கடிதங்கள்'. அந்த வார்த்தையை மட்டும் நாலு தடவை படித்தேன்.

"போன மாசம் நாற்பத்து மூணு வீடுகளுக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கைகளுக்கும் போயிருக்கேன்" என்று அறிக்கையை ஆரம்பித்தார்.

மேஜையைச் சுற்றித் தலைகள் ஆடின. "எங்க பாஸ்டர் மாதிரி வருமா!" என்றார் பேங்க்காரர். அவர் ஓய்வு பெற்ற மேனேஜர். இதை ஒவ்வொரு செஷனிலும் சொல்வார்.

"நீங்க மூப்பரா முழங்கால் போட்ட அன்னிக்கு ஒவ்வொருத்தரும் ஒரு வாக்கு கொடுத்தீங்க. இந்த ஜனங்களை விசாரிப்போம்னு. அந்த நாற்பத்து மூணையும் வட்டப் பட்டியலோட ஒத்துப் பார்த்தேன். என் தப்பும் இருக்கு. கேக்காமலே எல்லாத்தையும் நானே எடுத்துக்கிட்டேன். எடுத்து எடுத்து, கடைசியில ஒரு மனுஷனோட பேரைக்கூட என்னால சரியா வெச்சுக்க முடியல." நிறுத்தினார். "இந்த நாற்பத்து மூணுல உங்களுது எது?"

கேட்டுவிட்டுப் பட்டியலை மேஜை நடுவில் வைத்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். உட்கார்ந்துவிட்டார்.

மின்விசிறி பட்டியலின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பல் டாக்டராக இருக்கிற மூப்பர் தொண்டையைச் செருமினார். செஷனில் எதையும் முன்மொழிகிற பொறுப்பு அவருடையது.

"போதகர் அறிக்கையை நன்றியோட ஏத்துக்கிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போகலாம்னு முன்மொழிகிறேன்."

"ஆதரிக்கிறவங்க?" என்றார் மாடரேட்டர். குரலில் கோபமில்லை.

எங்கள் விதிப்படி, ஆதரிக்க ஒருவர் இல்லாவிட்டால் தீர்மானம் அங்கேயே செத்துப்போகும். ஒருவர் இருந்தால் வாக்கெடுப்பு. ஏழு பேர் கை தூக்குவார்கள். அடுத்தது 'கடிதங்கள்'. பல் டாக்டர் முன்மொழிந்தால் ஆதரிப்பது பதினோரு வருடமாக நான். ஏழு தலைகளும் என் பக்கம் திரும்பின. என் வாய் தன் பழக்கத்தில் பாதி திறந்தும்விட்டது.

மூடிக்கொண்டேன்.

"அண்ணே" என்று பல் டாக்டர் முழங்கையால் இடித்தார். "ஆதரிக்கிறேன்னு சொல்லுங்க, டீ ஆறுது."

ஒரு நிமிடம் போனது. அப்பாவின் கடையில் இதைவிட நீண்ட மௌனங்களை நான் ஜெயித்திருக்கிறேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னை ஜெயிக்க உட்காரவில்லை. எனக்காகக் காத்திருந்தார். அந்த வித்தியாசம் புரிந்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"மாப்ளே" என்றேன். செஷனில்! திருத்திக்கொள்ளவும் தோன்றவில்லை. "என்னுது பன்னெண்டு வீடு. பதினோரு வருஷத்துல ரெண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அதுல ஒண்ணு கல்யாண விருந்து. அந்தப் பட்டியல்ல என் வீடுங்க எத்தனை?"

"ஆறு."

"ஆறையும் கொடுங்க."

நர்ஸ் அக்கா அடுத்தது. அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், எங்களில் ஒரே பெண் மூப்பர். "எனக்கு எட்டு இருக்கும். என்னைக் கேட்டிருந்தா நான் போயிருப்பேன் பாஸ்டர். கேக்கலன்னு நானும் சும்மா இருந்துட்டேன். கண் ஆபரேஷன் பண்ணின லாரி டிரைவரையும் எனக்கே போடுங்க."

"அதெப்படி? லாரி டிரைவர் எங்க தெரு!" என்று எழுந்தார் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மூப்பர். "எனக்கும் அவருக்கும் பேச ஆயிரம் இருக்கு."

"கண்ணு கட்டு பிரிக்கறவரைக்கும் எனக்கு. அப்புறம் நீங்க எடுத்துக்கங்க."

"முடியாதுக்கா. பகல்ல நீங்க, சாயங்காலம் நான்."

"சரி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு முழுசா."

பேரம் தொடங்கிவிட்டது! என் வாழ்நாளில் எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறேன். எல்லாரும் அதிகம் எடுத்துக்கொள்ளத் துடித்த பேரம் இது ஒன்றுதான். பேங்க்காரர் எழுந்து நின்று கல்லறையில் தலைகுனிந்த அந்த அம்மாவின் வீட்டைத் தனக்குக் கேட்டார். "எங்க வட்டம். பேர் தப்பா வாசிச்சப்போ நான் பக்கத்துலதான் நின்னேன். நான் போகணும்." பல் டாக்டர் தன் தீர்மானத்தைத் தானே வாபஸ் வாங்கினார். பிறகு பட்டியலை இழுத்துத் தன் விரலால் தேடி, "எனக்கு நாலுதானா? அந்த ஸ்கூல் வாட்ச்மேனை யாராவது விட்டுக் கொடுங்கப்பா" என்று கெஞ்சினார்.

டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. ஐந்தே முக்காலுக்கு நாற்பத்து மூன்றில் முப்பத்தேழு கைமாறியிருந்தன. மிச்சம் ஆறை மாப்பிள்ளை கொடுக்கவில்லை. "இவங்க சாகற தறுவாயில இருக்காங்க. இது என் வேலை" என்றார். குரல் நிமிர்ந்திருந்தது. ஆறு வாரத்துக்கு முன் மாடியில் கேட்ட அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது.

இந்தப் பங்கீடு ஒருமனதாக நிறைவேறியது. கிளார்க் என்ற முறையில் நான் அடுத்ததைப் படித்தே ஆக வேண்டும்.

"கடிதங்கள்" என்றேன்.

மாப்பிள்ளை சட்டைப் பையைத் தொட்டார். என்னைப் பார்த்தார். பார்வையில் ஒரு குறும்பு. அதைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று!

"செஷனுக்கு எதுவும் வரலங்க கிளார்க். எழுதிக்கங்க."

எழுதினேன். கொட்டை எழுத்தில் எழுதி அடியில் கோடும் போட்டேன்.

மறுவாரம் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவர் அறையில் உட்கார்ந்து எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மேடையேறியபோது கையில் ஒரே ஒரு துண்டுத்தாள். இருபது நிமிடம் பேசினார். பத்தாவது நிமிடத்தில் கடைசி வரிசையில் எப்போதும் கண்ணயர்கிற அச்சகக்காரர் விழித்திருப்பதைக் கண்டேன். பதினைந்தாவது நிமிடத்தில் சபை சிரித்தது. அதன்பின் சிரித்த வாயோடேயே அமைதியானது. அடக்கத்தன்று தலைகுனிந்த அந்த அம்மா பேங்க்காரரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிமிர்ந்து, கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் நர்ஸ் அக்காவும் டிரைவிங் ஸ்கூலும் லாரி டிரைவரின் நேரத்தைப் பற்றி மறுபடி மோதிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை அவர்களைக் கடந்து கைவீசி நடந்து வீட்டுக்குப் போனார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

நாலு நாள் கழித்துத் தங்கை கடைக்கு வந்தாள். சுருள் எதையும் தொடாமல் நேராக என் முன் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னண்ணே இது? மனுஷர் மூணு வேளையும் வீட்டுலயே சாப்பிடறார். குழம்புல உப்பு கூடன்றார், கதவு கிறீச்சுங்குதுன்றார், என் கூட சந்தைக்கு வர்றேன்றார். வந்து அங்க தப்பு தப்பா பேரம் பேசி என் மானத்தை வாங்கறார்!"

"எவ்வளவுக்குக் கேட்டார்?"

"சொன்ன விலையைவிட அதிகமா கொடுக்கறேன்னுட்டார்ணே!"

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். நான் கடையைப் பாதியில் சாத்தினேன். என் ஆறு வீட்டில் மூன்றாவது வீட்டுக்காரர் நாலரைக்கு வரச் சொல்லியிருந்தார். நேரம் தவறினால் மனிதர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.