வாசலை மறைத்தது

எட்டாம் மாதத்தில், மார்க்கையன்கோட்டை வயலில் களை பறித்துக்கொண்டிருந்தபோது முருகம்மாளுக்கு ரத்தம் போனது. வலி கொஞ்சமும் இல்லை. அதனால் அவள் பயப்படவில்லை. காலைக் கழுவிக்கொண்டு மறுபடியும் வயலில் இறங்கப் போனவளைக் கூட இருந்தவர்கள் பிடித்து உட்காரவைத்து, ஊர் நர்ஸ் கிருபாவதியை அழைத்துவந்தார்கள்.

"வலியில்லாமப் போற ரத்தத்துக்குத்தான் பயப்படணும். யாரும் உள்ள கை வச்சுப் பாத்துறாதீக" என்ற கிருபாவதி, ஒரு வாடகைக் காரில் அவளைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிள்ளையின் தலை இறங்காமல் மேலேயே நின்றது. புருஷன் கர்ணனையும் பக்கத்தில் கூப்பிட்டுக்கொண்டார்.

"பிள்ளையோட நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில மேல ஒட்டியிருக்கணும். இவளுக்கு அடியில, பிள்ளை வர்ற வாசல மறைச்சுக்கிட்டு இருக்கு. வாசல் தெறந்தா அது பிஞ்சுக்கும், ரத்தம் நிக்காது. ஆப்பரேஷன்தான் செய்யணும். ஆனா பிள்ளை இன்னும் வளரணும். அதுவரைக்கும் அசையாமப் படு."

கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். வாழ்நாளில் பகலில் படுத்தறியாத முருகம்மாள் இருபத்திரண்டு நாள் அப்படியே கிடந்தாள். பிள்ளை விக்குவதும், அவள் சாப்பிட்டதும் புரள்வதும் அவளுக்குத் தெரிந்தது.

"ரெண்டு பெத்தேன், ஒருநா கூட இதக் கவனிக்கலயே" என்றாள் கர்ணனிடம்.

இருபத்துமூன்றாம் நாள் காலையில் படுக்கை ரத்தத்தில் நனைந்தது. கர்ணனின் ரத்தமும் அவன் தம்பியின் ரத்தமும் அவளுக்குச் சேர்ந்தன. இருவரும் கொடுத்தார்கள். ஆப்பரேஷன் நடந்து, மத்தியானத்துக்குள் பெண் பிள்ளை அழுதது. நாலரை பவுண்டு இருந்தது.

சாயங்காலம் கண் விழித்தவள் முதலில் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு, "அத நான் பாக்கணும் டாக்டரம்மா" என்றாள். அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. புதைப்பதற்காகக் கர்ணனிடம் கொடுக்க வைத்திருந்த நஞ்சை டாக்டரம்மா தட்டில் கொண்டுவரச் சொன்னார்.

ஒரு பக்கம் ஈரல் மாதிரி கறுத்துச் சிவந்திருந்தது. திருப்பிக் காட்டியபோது கொடியிலிருந்து விளிம்புவரை நரம்புகள் வாய்க்கால்களாகப் பிரிந்து ஓடின.

"உன் ரத்தமும் பிள்ளை ரத்தமும் ஒண்ணோட ஒண்ணு கலக்காது. ஆனா நீ தின்னதெல்லாம் இது வழியாத்தான் அதுக்குப் போச்சு."

"இது யாருது? என்னுதா, அவளுதா?"

"பெரும்பாலும் அவளுது. அவளே உண்டாக்கிக்கிட்டது."

"கண்ணு மூக்கு வர்றதுக்கு முந்தியா?"

"ஆமா, அதுக்கெல்லாம் முந்தியே."

முருகம்மாள் ஒரு விரலை நீட்டி, தடித்து ஓடிய நரம்பொன்றைத் தொட்டாள். அது இன்னும் மெத்தென்றிருந்தது.

"ஆத்தா" என்றாள் மெல்ல, பக்கத்தில் தூங்கிய மகளைப் பார்த்து. "அம்புட்டு வேலை பாத்தியா நீ?"