கட்டைவிரல்

"உயிர் தப்பிச்சதே பெரிய அதிர்ஷ்டம்மா" என்று சொல்லிவிட்டுப் பழப்பையை ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் வைத்தார் மேஸ்திரி. காலையிலிருந்து வந்த அத்தனை பேரும் இதையேதான் சொன்னார்கள். பூச்சு வேலையின்போது சாரம் சரிந்து மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தார் என் கணவர். கீழே மணல் கொட்டியிருந்ததால் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்பதை மட்டும் ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. கால் கட்டைவிரல் லேசாக அசைந்தாலும் நடக்க வாய்ப்பிருக்கிறது என்றார் டாக்டர்.

நான் அகராதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எடுத்துக்காட்டு வாக்கியத்தை நாமாக ஜோடிக்கக் கூடாது, யாராவது பேசிக் காதால் கேட்டதாக இருக்கவேண்டும் என்பது எங்கள் ஆசிரியரின் பிடிவாதம். இந்த வாரம் என் தலையில் விழுந்த சொல் 'அதிர்ஷ்டம்' என்பதாகவா இருக்கவேண்டும்! மேஸ்திரி சொன்னதை அப்படியே எழுதிவிடலாம். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தேன்; எரிச்சலில் எழுதக் கை வரவில்லை.

மேஸ்திரி போனதும், "என்ன எழுதுற?" என்றார் கணவர். சொன்னேன்.

"அது எங்கேருந்து வந்த வார்த்தை?"

"வடமொழிங்க. கண்ணுக்குத் தெரியாததுன்னு அர்த்தம். என்ன வரப்போகுதுன்னு யாருக்கும் தெரியாதுல்ல, அதான். முதல்ல நல்லது கெட்டது ரெண்டுக்கும் பொதுவா இருந்துச்சு. அப்புறம் நல்லதுக்கு மட்டும்னு ஆயிடுச்சு."

"அப்ப கெட்டத யாரு தலையில கட்டினாங்க?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். "அதிர்ஷ்டம் அடிச்சதுதான் அடிச்சுது, இடுப்ப விட்டுட்டு அடிச்சிருக்கலாம். எழுதிக்க."

எழுதவில்லை. அழுகை வந்தது, குனிந்து பழப்பையை நகர்த்தினேன்.

"போர்வைய எடு, இன்னொரு தடவ பாப்போம்" என்றார். கழுத்தில் பட்டை போட்டிருந்ததால் அவரால் தன் காலைப் பார்க்க முடியாது. அசைந்தாலும் அவருக்குத் தெரியாது. நான்தான் பார்த்துச் சொல்லவேண்டும். கட்டைவிரலை அசைக்கப் பல்லைக் கடித்தார், நெற்றி நரம்பு புடைத்தது, மூச்சு வாங்கியது.

"அசையுதா?"

அந்த விரலின் நகக்கண்ணில் சிமெண்ட் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இருங்க, வெளிச்சம் பத்தல" என்று எழுந்துபோய்த் திரையை முழுக்க விலக்கினேன். வெயில் நேராக அவர் பாதத்தில் வந்து விழுந்தது.

"இப்பப் பாரு" என்றார்.