மான்களுக்கு இறைத்த தண்ணீர்

அந்த ஆவணியில் வானம் ஒரு சொட்டும் தரவில்லை. கனடாவில் ஒஷாவாவுக்கு வடக்கே, சின்ன ஏரியொன்றின் கரையில், றோசலினுக்கும் கணவன் கிளிபோட்டுக்கும் ஒரு துண்டுக் காணி இருந்தது. அதில் றோசலின் விதைத்த குளோவர்த் தீவனப்பயிர் இலை சுருண்டு கிடந்தது. ஓட்ஸ் விரலளவு எழும்பி, அதற்கு மேல் வளரமாட்டேன் என்று நின்றுவிட்டது. வீட்டுச் சமையலுக்கோ சந்தைக்கோ விதைத்ததல்ல அது. மான்களுக்கு விதைத்தது.

அவர்கள் குடியிருந்த மல்வேர்னில் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். றோசலின் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். பஸ் நிறையப் பிள்ளைகள் போடும் கூச்சலைக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கிவிடுவாள். பிறர் சிரிப்புக்கு அசைகிற ஆளில்லை.

போன மாசியில் காணியைப் பார்க்கப் போனபோது வேலியோரம் ஒரு பெட்டை மான் செத்துக் கிடந்தது. விலா எலும்புகள் தோலைத் துருத்திக்கொண்டு நின்றன. பக்கத்து மரத்தில் வாய் எட்டிய உயரம்வரை பட்டையைக் கடித்துத் தின்றிருந்தது. ஏரிக்கு மேற்கே, மான்கள் கொட்டை பொறுக்கித் தின்ற ஓக் மரக்காட்டை வெட்டிப் புதுவீடுகள் கட்டத் தொடங்கிய முதல் குளிர்காலம் அது. கிளிபோட் மானைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு, "பாவம்" என்றான். றோசலின் பனி கரைந்த கையோடு நிலத்தைக் கொத்துவித்தாள்.

அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்களும் இப்படி விதைப்பதுண்டு. மேய வருகிற மானை மரத்தில் கட்டிய பரணிலிருந்து சுடுவார்கள். றோசலின் முதலில் இங்கே வேட்டை கூடாது என்று பலகை அடித்தாள். பிறகுதான் விதை தூவினாள்.

இப்போது அதெல்லாம் கண்முன்னே காய்ந்துகொண்டிருந்தது. பழைய வோட்டர் பம்ப் ஒன்றைத் தேடிப்பிடித்துத் தங்கள் வான் வண்டியில் ஏற்றினாள்.

"விடு றோசி, மழை வரும்," என்றான் கிளிபோட்.

"வரேக்க வரட்டும். அதுவரைக்கும் நான் இறைக்கிறன்."

மீன்குஞ்சுகள் அகப்படாதபடி உறிஞ்சுகுழாயின் வாயில் வலை கட்டி ஏரிக்குள் இறக்கினார்கள். பம்ப் ஊரையே எழுப்புகிற சத்தத்தோடு ஓடியது; தண்ணீர் மட்டும் வரவில்லை. கிளிபோட் எஞ்சினையே முறைத்துக்கொண்டு நின்றான். றோசலின் குழாயோரம் மண்டியிட்டுக் காதை வைத்துக் கேட்டாள். மூட்டொன்றில் காற்று உள்ளே போகிற சீற்றம் கேட்டது. எஞ்சினை நிறுத்திவிட்டு மூட்டில் கறுப்பு ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றி, பம்புக்குள் மறுபடி தண்ணீர் ஊற்றி, எஞ்சினின் கயிற்றை இழுத்தாள். தட்டையாய்க் கிடந்த குழாய் மெல்ல உப்பி, மேட்டில் ஏறி, மறுமுனையில் துப்பத் தொடங்கியது. வெடித்த மண்ணில் தண்ணீர் விழுந்தபோது எழும்பிய வாசத்தில் றோசலின் வாய்விட்டுச் சிரித்தாள்.

சத்தம் கேட்டு சண்முகநாதன் வந்தார். யூனியன்வில்லில் பல்வைத்தியர். ஏரியின் எதிர்க்கரையில் பெரிய கோடைவீடு வைத்திருந்தார். கரையோரச் சொந்தக்காரர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். அந்த ஏரியைச் சுற்றி இருந்த மற்றத் தமிழ்க் குடும்பம் அவருடையது மட்டுமே.

"தங்கச்சி, உதென்ன கூத்து? எங்கட வீடு வரைக்கும் சத்தம்."

"தண்ணி இறைக்கிறன் அண்ணை."

"லேக் வத்திப்போய்க் கிடக்கு. நீங்கள் மானுக்குச் சாப்பாடு போட்டா அதுகள் எங்கட சீடார்ச் செடி வேலியையும் சேத்துத்தான் தின்னும். நாங்கள் இஞ்ச ரெண்டே ரெண்டு தமிழ்க் குடும்பம். வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

றோசலின் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு எதிர்க்கரையைப் பார்த்தாள்.

"உங்கட புல்லு நல்ல பச்சையா இருக்கு அண்ணை. அதுக்கு எந்த லேக்கில இருந்து தண்ணி எடுக்கிறியள்?"

அவருடைய முகம் சிவந்துவிட்டது. "அது வேற, உது வேற. சனிக்கிழமை கூட்டம் இருக்கு. வாங்கோ, அங்க கதைப்பம்."

திரும்பிப் போகும் வழியில், நெடுஞ்சாலையில் ஏறியதும் கிளிபோட் கேட்டான். "ஏன் அந்தாளோட கொழுவுறாய்? நாளைக்கு அந்தக் காணியை விக்கிறதெண்டாலும் அவையின்ர தயவு வேணும்."

"நான் கொழுவேல்லை. ஒரு கேள்வி கேட்டனான்."

சங்கக் கூட்டம் சண்முகநாதன் வீட்டு முற்றத்தில் நடந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராய் மான் தின்ற பூச்செடிகளைப் பற்றியும் மான்களால் பரவும் உண்ணிக்கடி பற்றியும் பேசினார்கள். கடைசியில் றிச்சர்ட் எழும்பினார். பிறந்ததிலிருந்தே அந்த ஏரிக்கரையில் இருக்கிறவர், பழைய வேட்டைக்காரர். பனியில் புதைந்த அவர்களுடைய வானை ஒருமுறை தன் டிராக்டரால் இழுத்துவிட்டவர். றோசலினுக்கு அவர் மேல் மரியாதை இருந்தது.

"இந்தப் பெண் இறைக்கட்டும்," என்றார் அவர் ஆங்கிலத்தில், சாந்தமாக. "கார்த்திகையில் அவர் காணியில் ஒரு பரண் கட்ட மட்டும் எங்களை விடட்டும். மான் குறையும், உங்கள் வேலியும் தப்பும். ஒருவருக்கும் குறையில்லை."

எல்லாத் தலைகளும் ஆடின. சண்முகநாதன் அவள் பக்கம் குனிந்தார். "பாத்தியளே, எவ்வளவு நல்ல மனுசன்! ஓம் எண்டு சொல்லுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது."

கிளிபோட் அவளுடைய முழங்கையைத் தொட்டான். "ஓம் எண்டு சொல்லன் றோசி."

சொல்லிவிட்டால் எவ்வளவு சுலபம் என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது. பயிர் தப்பும், பகை தீரும், கிளிபோட்டும் நிம்மதியாய் நித்திரை கொள்வான். மரத்தில் நாலு பலகைதானே? ஆனால் வேலியோரம் கிடந்த அந்த மானின் திறந்த கண் நினைவுக்கு வந்தது. எழும்பினாள்.

"பசியில வாறதைச் சாப்பாடு தாறன் எண்டு கூப்பிட்டு, வாய் வைக்கேக்க சுடுறதோ அண்ணை? அதுக்கு நான் விதைக்காமலே விட்டிருப்பன்." சண்முகநாதனுக்குத் தமிழில் சொன்னதையே திரும்பி நின்று எல்லோருக்கும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

றிச்சர்ட் கோபிக்கவில்லை. "நான் சுடுவதை நான் சாப்பிடுகிறேன். பட்டினியில் சாவதைவிட அது கொடுமையா?"

"இல்லை," என்றாள் அவள். "உங்கள் காணியில் சுடுங்கள், தடுக்கமாட்டேன். என் காணியில் இல்லை. இன்னொன்று. ஏரி வற்றியிருப்பது உண்மை. விதைத்ததில் பாதியை நான் காயவிடுகிறேன். நீங்கள் உங்கள் புல்லில் பாதியைக் காயவிடுங்கள். யார் சம்மதம்?"

ஒரு கையும் உயரவில்லை.

"அப்படியானால் நாளை மத்தியானம், எல்லோரும் பார்க்க இறைப்பேன். யாரைக் கூப்பிட வேண்டுமோ கூப்பிடுங்கள்."

கூப்பிட்டார்கள். மறுநாள் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே இயற்கைவளத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள். கூடவே சண்முகநாதனும். கிளிபோட் இரவு ஷிப்ட் முடித்து நித்திரையில்லாத கண்களோடு வந்திருந்தான். றோசலின் கேட்காமலே பம்பின் பாரமான பக்கத்தைத் தூக்கிவந்தவன் அவன்தான். அதிகாரி குழாயின் வாயில் கட்டிய வலையைப் பார்த்தாள், பலகையை வாசித்தாள், என்ன விதைத்திருக்கிறது என்று கேட்டாள். சண்முகநாதன் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

"அண்ணை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ," என்றான் கிளிபோட். "ஹோஸில மிதிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

றோசலின் திடுக்கிட்டுக் கணவனைப் பார்த்தாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து, படித்த மனிதர் ஒருவரிடம் அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

இந்தளவு சின்ன இறைப்புக்கு அனுமதி தேவையில்லை என்றாள் அதிகாரி. ஏரி தாழ்ந்திருப்பதால் எல்லோரும் குறைத்து எடுத்தால் நல்லது என்றும் சொன்னாள். பிறகு எதிர்க்கரையில் வெயிலில் சுழன்றுகொண்டிருந்த தண்ணீர்த் தெளிப்பான்களைக் காட்டி, "அவை யாருடையவை?" என்று கேட்டாள். சண்முகநாதனுக்கு அவசரமாய் ஒரு வேலை இருந்தது.

அதற்குப் பிறகும் எதிர்க்கரைப் புல் பச்சையாகவே இருந்தது. றோசலின் சொன்னபடி தன் பயிரில் பாதிக்குத் தண்ணீரை நிறுத்தினாள். அது வைக்கோலாய் மஞ்சளித்தது.

"அவை ஒருத்தரும் விடேல்லை. நீ மட்டும் ஏன் காயவிடுறாய்?" என்றான் கிளிபோட்.

"அவைக்காக விடேல்லை. லேக்குக்காக விட்டனான்."

பள்ளிக்கூடம் தொடங்கியபின் வார இறுதிகளில் மட்டும் வந்து இறைத்தார்கள். புரட்டாசிக் கடைசியில் மழை வந்தபோது ஓட்ஸ் முழங்காலைத் தொட்டிருந்தது. இலைகள் சிவந்த நாளொன்றில், வானுக்குள் அசையாமல் இருந்தபடி முதல் மானைக் கண்டார்கள். அது தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது, பின்னால் திரும்பிப் பார்த்தது. பற்றைக்குள்ளிருந்து மற்றவை வந்தன. அவை குளோவரைக் கடிக்கிற சத்தம் திறந்த கண்ணாடிவழியே கேட்டது.

கார்த்திகையில் றிச்சர்டின் காணிப் பக்கமிருந்து ஒரு வெடி கேட்டது. அன்று பின்னேரம் மேய வந்தவற்றில் ஒன்று குறைந்திருந்தது. றோசலின் அழுதாள். பிறகு வானை விட்டிறங்கி, தன் பலகையில் தளர்ந்திருந்த ஆணியைக் கல்லால் அடித்து இறுக்கினாள்.

பனி விழத் தொடங்கிய ஒரு நாள், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காக பஸ்ஸை நிறுத்திவைத்துக் காத்திருந்தபோது சண்முகநாதனின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, உங்கட மான் எங்கட வேலியில ஒரு பக்கத்தைத் திண்டுபோட்டுது."

"என்ர மான் இல்லை அண்ணை. அதுகள் ஒருத்தருக்கும் சொந்தமில்லை."

"வாற வருசமும் விதைப்பியளோ?"

"விதைப்பன்."

"மழை இல்லாட்டி?"

"இறைப்பன்."

அவர் பெருமூச்சு விட்டது காதில் கேட்டது.

"வேலிக்கு வலை கட்டினா மான் தொடாது அண்ணை," என்றாள் றோசலின். "வாங்கி வையுங்கோ. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில பூசை முடிய நாங்கள் ரெண்டுபேரும் வந்து கட்டித்தாறம்."

"என்ன அளவில வாங்கவேணும்?" என்றார் சண்முகநாதன்.

பள்ளிக்கூட மணி அடித்தது. பிள்ளைகள் பனியை உதைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். "பிறகு போன் எடுத்துச் சொல்லுறன் அண்ணை," என்றுவிட்டு றோசலின் பஸ்ஸின் கதவைத் திறந்தாள்.