நஸீம் போடாத ஒப்பம்

இலங்கையில், தெஹியோவிட்டவுக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் விஜயகலா. சிங்களம் எழுதத் தெரிந்த பாவத்துக்கு, பத்து வயதிலிருந்தே லயத்து வீட்டுக்காரர்களின் படிவங்களையெல்லாம் அவள்தான் நிரப்பினாள். ஆள் ரப்பர் பால் வெட்டப் போயிருந்தால் கையெழுத்தையும் அவளே போட்டுவிடுவாள். அதை உதவி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பழகின கை சும்மா இருக்குமா?

இப்போது அவள் லினக்ஸ் கேர்னலுக்கு, அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு, நிரல் எழுதுகிறாள். கூட்டாளி நஸீம், பஜாரில் போன் திருத்தும் கடைக்காரர். மழைமானிக் கருவிகளைக் கணினியோடு பேசவைப்பது இருவரின் வேலை. ஒவ்வொரு வேலையும் தனித்தனிக் கிளையில் இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றதற்குச் சேதமில்லை. கிளைகளை ஒழுங்குபடுத்தி அனுப்புவது விஜயகலா. எழுதியவர் தன் பெயரில் ஒப்பமிடாத எதையும் அவற்றைக் கேர்னலில் சேர்க்கும் வெளிநாட்டுப் பொறுப்பாளர் சேர்க்கமாட்டார்.

மூன்று கிளைகள் அனுப்ப வேண்டிய வாரத்தில் நஸீம் எலிக்காய்ச்சலில் இறந்துபோனார். நாற்பத்தொரு வயது. கேர்னல் குழுவுக்கு அந்தச் செய்தியை எழுதியதும் விஜயகலாதான்.

துக்கம் விசாரிக்கப் போன மையத்து வீட்டில் நஸீமின் மனைவி நப்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர்ட கடைசி வேலைல அவர்ட பேர் வரும் தானே?"

"கட்டாயம் வரும்க்கா."

நஸீமின் கடைசிக் கிளையில் நிரல் முழுதாக இருந்தது, ஒப்பம் மட்டும் இல்லை. ஒரே ஒரு வரிதானே என்று விஜயகலா நஸீமின் பெயரில் அதையும் தட்டி அனுப்பிவிட்டாள்.

இரண்டாம் நாள் பொறுப்பாளர் எல்லோரும் பார்க்கக் கேட்டிருந்தார்: "முன்பு நான் பார்த்தபோது இந்த ஒப்பம் இல்லை. அவர் எப்போது போட்டார்?"

விஜயகலாவுக்கு மழுப்ப மனம் வரவில்லை. "அவர் போடவில்லை, நான்தான் போட்டேன்" என்று எழுதினாள். மற்ற இரண்டு கிளைகளும் சேர்ந்தன. நஸீமின் கிளை வெளியே நின்றது.

அன்று பிற்பகலே கடைக்குப் போய் நப்லாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "அவரு பேரு வராதுக்கா. என்னாலதான்."

நப்லா, "சோதிச்சுப் பார்க்காம அவர் ஒண்டுலயும் பேர் போடமாட்டாரே. நீங்க சோதிச்சீங்களா?" என்று கேட்டாள்.

விஜயகலா சோதிக்கவில்லை. பெயரைக் காப்பாற்றும் அவசரத்தில் அது தோன்றவேயில்லை.

நஸீமின் மேசையில் மழைமானி அப்படியே இருந்தது. நஸீமின் நிரலை ஏற்றிக் கணினியோடு மாட்டினாள், ஓடியது. கழற்றி மறுபடி மாட்டினாள், ஓடியது. மூன்றாம் தரம் கணினி அப்படியே உறைந்து நின்றது.

"என்ன?" என்றாள் நப்லா.

"பிழை இருக்குக்கா. நஸீம் நாநாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் கையெழுத்துப் போடாம வச்சிருக்காரு." சொல்லிவிட்டு விஜயகலா அழுதாள்.

நப்லா உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அல்ஹம்துலில்லாஹ். அவர்ட பேர்ல இது போகல்ல."