இரட்டைக் கண்ணாடி அறை

விஞ்ஞானம் படிப்பிக்கிறவனோடு வீட்டில் யாரும் எதிர்த்துக் கதைக்கக் கூடாது என்று நினைக்கிற ஆள் நான். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வைகாசி வரை அந்த நினைப்புக்கு ஒரு குறையும் வரவில்லை.

சண்டையால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று மூன்று வருடமாகியிருந்தது. என் மனைவி பாலேஸ்வரிக்குத் தினமும் காலையில் நான் இன்சுலின் ஊசி போட வேண்டும். பிரிட்ஜ் வெறும் அலுமாரியாகிவிட்டதால், ஊரார் செய்வதுபோல ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் மருந்துக் குப்பிகளைப் புதைத்து வைத்தோம். அவள் அந்தச் சட்டியைக் கிணற்றடிப் பக்கத்து விறாந்தையில், காற்றுப் படும் இடத்தில் வைத்திருந்தாள். படித்த மனிதன் வீட்டில் மருந்து வைக்கிற இடமா அது?

யன்னலுக்கு இரண்டு கண்ணாடி போட்டு நடுவில் காற்றை அடைத்தால் வெப்பம் எளிதில் கடக்காது என்று வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வாசித்திருந்தேன். புத்தக அலுமாரிக் கண்ணாடிகளைக் கழற்றி, மேற்கு அறை யன்னல் கண்ணாடிக்கு ஒரு விரல் தள்ளிப் பொருத்தி, புட்டிப் பசை வைத்து இறுக்கினேன். யன்னல் இனித் திறக்காது. சட்டியை அந்த அறைக்கு மாற்றினேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வெப்பமானி வைத்துப் பார்த்தால், விறாந்தையை விட இரண்டு பாகை குறைவு.

"பின்னேரத்திலை உந்த அறைக்குள்ளை நிக்கேலாது. சரியான வெக்கை," என்றாள் பாலேஸ்வரி.

"நீ சொல்லுறது சரியோ, வெப்பமானி சொல்லுறது சரியோ?"

பின்னேரங்களில் நான் வீட்டில் இருப்பதில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே நல்லூரில் டியூசன். உடுவிலுக்குத் திரும்ப இருட்டிவிடும்.

சட்டியை மாற்றிய மூன்றாம் கிழமையே அவள் வாடத் தொடங்கினாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். சிறுநீரைச் சோதித்தால், நீலமாக இருக்க வேண்டிய கரைசல் சீனியைக் காட்டும் செங்கல் நிறத்துக்குப் போனது. ஊசி தவறாமல் போடும்போது சீனி எப்படி ஏறும்? வீட்டு வளவில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுத்துத் தொங்கிய காலம். எனக்கு விடை கிடைத்துவிட்டது.

"களவாய் மாம்பழம் தின்னிறாய்."

"இல்லை."

"பொய் சொல்லாதை."

ஆறு நாளும் இதே கதை. ஏழாம் நாள் சோதனைக் குழாயை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கத்தினேன். பக்கத்து வீட்டு மரியநாயகி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பாலேஸ்வரி தலையைக் குனிந்து, "ஓம், ஒண்டு திண்டனான்," என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதற்குப் பிறகு நான் வேறு காரணம் தேடவில்லை.

நாலு நாள் கழித்து நல்லூருக்கு மேலே குண்டு போடும் பொம்மர் விமானம் சுற்றியது. டியூசனைக் கலைத்துவிட்டு மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்தேன். பாலேஸ்வரி சத்தி எடுத்துக் கட்டிலில் சோர்ந்து கிடந்தாள். மருந்து எடுக்க மேற்கு அறைக் கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. வெயில் இரண்டு கண்ணாடியையும் சட்டை செய்யாமல் உள்ளே வந்து சட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. வந்த சூடு வெளியே போக வழியில்லை. குளிர் நாட்டுக்காரன் வீட்டுச் சூட்டைக் காப்பாற்றச் செய்கிற வேலையை நான் இந்த வெயிலில் செய்திருந்தேன். காற்று அசையாததால் ஈர மணலும் குளிரவில்லை. கையை விட்டுப் பார்த்தேன். காய்ச்சல்காரரின் நெற்றி மாதிரிச் சுட்டது. தெளிவாக இருக்க வேண்டிய மருந்தில் வெள்ளைத் திரி மிதந்தது. காலை அவசரத்தில் குப்பியை ஒழுங்காகப் பார்க்காமல் இதைத்தான் அவளுக்கு ஏற்றிவந்திருக்கிறேன்.

வாகனம் பிடிக்க வழியில்லை. அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஒரு சேலையால் என் இடுப்போடு கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு மிதித்தேன்.

"மருந்து பழுதாய்ப் போச்சுது. என்ரை பிழை," என்றேன்.

இணுவிலை அடைந்தோம். அப்போது அவள் என் முதுகில் சாய்ந்தபடியே கதைத்தாள்.

"நான் மாம்பழம் தின்னேல்லை. நீங்கள் கத்துறது நிக்கட்டும் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான்."

பெரியாஸ்பத்திரிக்கு இன்னும் நாலு மைல் இருந்தது. தெரியும், தெரியும் என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். அவள் அதற்குப் பிறகு கதைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சேலையை அவிழ்த்தபோது அவளுக்கு உயிர் இருக்கவில்லை.