கொடுமுடியில் ஒன்பது, வெள்ளகோவிலில் ஒன்பது

ஆர்.எஸ்.புரம் மில்காரர் ராமுலு நாயுடுவுக்கு இரட்டைப் பிள்ளைகள். அவர்களில் யார் மூத்தவன் என்பது இருபத்தைந்து வருஷமாகத் தீராத வழக்கு. முதலில் வெளியே வந்தவன்தான் மூத்தவன் என்று ஒரு கட்சி. முதலில் உள்ளே போனவன்தானே கடைசியில் வெளியே வருவான், ஆகவே பின்னால் பிறந்தவனே மூத்தவன் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் பெரிய மனிதர்கள் இருந்தார்கள். இரண்டு கட்சிக்கும் வேறு வேலை இல்லை.

1959-இல் பையன்களுக்குப் பெண் நிச்சயமானதும் வழக்கு முற்றிப்போயிற்று. மூத்தவன் யாரென்று தெரியாவிட்டால் மூத்த மருமகள் யாரென்று தெரியாது. அது தெரியாவிட்டால் மாமியார் பங்காரம்மா தன் இடுப்புச் சாவிக்கொத்தை யார் கையில் கொடுப்பாள்? கடைசியில் பெரியவர்கள் கூடி, எந்தப் பெண் கழுத்தில் முதலில் தாலி ஏறுகிறதோ அவளே மூத்த மருமகள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒரு பெண் கொடுமுடி. இன்னொன்று வெள்ளகோவில். கல்யாணம் பெண் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று இரண்டு வீடும் ஒற்றைக்காலில் நின்றன. இருபது மைல் இடைவெளியில், ஒரே நாளில், ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம். ராமுலு நாயுடு மில்லில் ஆயிரம் பேரை மேய்த்தவர், வீட்டில் ஒரு பூனையை விரட்டவும் துணிவில்லாதவர். “ரெண்டு தாலியும் கரெக்டா ஒன்பது மணிக்கு ஏறோணும். பெரிய மருமக, சின்ன மருமகங்கற பேச்சே வரக்கூடாது” என்று சொல்லிவிட்டு, கல்யாணத்தன்று தனக்குக் காய்ச்சல் வரும் என்றும் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.

இரண்டு ஊரிலும் ஒன்பது மணி ஒன்றாக அடிக்கிறதா என்று பார்த்துக்கொள்கிற பொறுப்பு திருமலைசாமியின் தலையில் விழுந்தது. அவர் கொடுமுடிப் பெண் கனகத்தின் அண்ணன். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் பௌதிக விரிவுரையாளர். வருஷா வருஷம் சார்புக் கொள்கையை நடத்துவார். எட்டு வருஷத்தில் ஒரு மாணவன்கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. கேள்வி கேட்டால் அவர் இன்னொரு மணி நேரம் பேசுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

கனகத்துக்குச் சாவிக்கொத்தைப் பற்றிக் கவலையே இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

“தாரை மட்டும் நீங்கதான் வாக்கோணுங்கண்ணா. சித்தப்பா கையால வேண்டாம்.”

அதற்குக் காரணம் இருந்தது. அப்பா போன பிறகு, பெண்பிள்ளைக்கு எட்டாவது போதும் என்று புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றியவர் சித்தப்பா வெங்கடபதி. ஏணி போட்டு அவற்றை இறக்கி, அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்ப் படிக்க வைத்தவர் அண்ணன். “நானில்லாம வேற யாரு அம்மணி?” என்றார் திருமலைசாமி. மனசாரத்தான் சொன்னார்.

கடிகாரப் பேச்சுக்கு ஆர்.எஸ்.புரம் வீட்டில் கூட்டம் போட்டார்கள். இரு வீட்டாருக்கும் வீட்டுப்பேச்சு தெலுங்கு. சண்டைக்கு மட்டும் கோயமுத்தூர்த் தமிழ்தான் வசதி.

“ரேடியோவுல மணி அடிக்கறப்போ ரெண்டு ஊர்லயும் கடியாரத்தைச் சரி பண்ணிக்கலாமுங்க” என்றார் திருமலைசாமி.

வெள்ளகோவில் பெண்ணின் அப்பா நரசிம்மலு நாயுடு, பஞ்சு வியாபாரி. வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டார். “ரேடியோ திருச்சியில இருந்துதானுங்களே வருது? கொடுமுடி கிட்டக்க. எங்க ஊரு எட்டத்துல. உங்களுக்கு முன்னாடியே கேட்டுப்போடுமில்லீங்க?”

திருமலைசாமிக்குப் புல்லரித்தது. எட்டு வருஷத்தில் முதல் கேள்வி! “கேக்குமுங்க. ஆனா தூரத்தை வேகத்தால வகுத்து அதைக் கழிச்சுக்கலாம். ரேடியோவுக்கு வெளிச்சத்தோட வேகம்.”

“அந்த வேகத்தை எப்படிங்க அளந்தாங்க?”

“வெளிச்சத்தைக் கண்ணாடிக்கு அனுப்பித் திருப்பி வாங்கறதுங்க. ஆன நேரத்துல பாதி போறதுக்கு, பாதி வாரதுக்கு.”

“பாதிப்பாதின்னு யாரு பார்த்தது?”

திருமலைசாமி பொய் சொல்லத் தெரியாதவர். “யாரும் பாக்கலைங்க. நாமளா அப்படி வெச்சுக்கறதுதான்.”

“நல்லாருக்குதுங்க. என்ற பஞ்சு வண்டி பாரத்தோட கோயமுத்தூரு போக ஒண்ணரை நாளு. வெறும் வண்டி திரும்பி வர ஒரு நாளு. பாதிப்பாதின்னு கணக்குப் போட்டா மாடு சிரிக்குமுங்க.”

இதே கேள்விக்காகச் சீமையில் பெரிய பெரிய தலைகள் முப்பது வருஷமாக ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். நரசிம்மலு நாயுடு ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் அங்கே வந்து சேர்ந்துவிட்டார். திருமலைசாமிக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

வழி சொன்னவர் கோட்டைமேட்டு வாட்ச் கடை அப்துல் குத்தூஸ். இரு தரப்பும் நம்புகிற ஆள் என்று கூட்டிவந்திருந்தார்கள். “எதுக்குங்க இத்தனை ரோதனை? ரெண்டு பாக்கெட் வாட்சை ஒரே மேசையில வெச்சு ஒண்ணாத் திருப்பித் தாரேன். ஆளுக்கொண்ணு கொண்டுபோங்க.” எல்லோரும் சரி என்றார்கள். காப்பி வந்தது. அத்தோடு எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் படித்தவனுக்கு நாக்கு சும்மா இருக்குமா?

“வாட்ச் ரெண்டும் ஒத்துப்போனாலும்கூட,” என்று ஆரம்பித்தார் திருமலைசாமி, “அது நிக்கறவங்களுக்குத்தானுங்க ஒரே நேரம். வேகமா கார்ல போறவனுக்கு அப்படியில்ல. அவன் எந்த ஊர்ப் பக்கமா ஓடறானோ அந்த ஊர்த் தாலி முந்தி ஏறினதாகும்.”

நரசிம்மலு நாயுடு காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எத்தனை முந்திங்க?” என்றார் நரசிம்மலு.

“ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டா நறுக்குனா அதுல ஒரு ஆறு துண்டு. சும்மா பேச்சுக்குச் சொன்னேனுங்க.”

“ஆறு துண்டு முந்துனாலும் முந்துனதுதானே கண்ணு?” என்றார் சித்தப்பா வெங்கடபதி. “ஒத்தை ஓட்டுல ஜெயிச்சவனும் எம்.எல்.ஏ.தானே?”

நரசிம்மலு நாயுடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விட்டத்தைப் பார்க்கிற வியாபாரியை நம்பக்கூடாது.

ஊருக்குத் திரும்பியதும் சித்தப்பா திட்டம் போட்டுவிட்டார். கல்யாணத்தன்று காலை அவருடைய மாரிஸ் கார் வெள்ளகோவிலிலிருந்து கொடுமுடியைப் பார்த்து ஓட வேண்டும். உள்ளே திருமலைசாமி வாட்சோடு உட்கார்ந்திருக்க வேண்டும். படித்தவன் சாட்சி சொன்னால் பங்காரம்மா மறுக்க முடியாது.

திருமலைசாமி முதலில் சிரித்தார். பிறகு தலையைச் சொறிந்தார். பிறகு காகிதம் எடுத்தார். அங்கேதான் அவர் கெட்டார். தங்கைக்குச் சாவி கிடைக்கட்டுமே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தன் பாடத்தை நம்பி ஒரு கார் ஓடப்போகிறது என்பதுதான் உள்ளே இனித்த விஷயம். காகிதத்தில் கணக்கு அழகாக வந்தது. எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வெள்ளகோவிலை விட்டுப் புறப்பட வேண்டியது. எட்டே முக்காலுக்குள் கொடுமுடி. இறங்கித் தாரை வார்த்துவிட்டு, மறுபடியும் காரில் ஏறி, அதே திசையில் ஆற்றங்கரைப் பக்கம் அரை மைல் ஓட வேண்டியது. அந்த அரை மைலில் ஒன்பது மணி. சாட்சியும் ஆயிற்று, தாரையும் ஆயிற்று.

“தங்கச்சி கல்யாணத்தன்னிக்குக் கார்ல ஊர் சுத்தப் போறீங்களாக்கும்?” என்று கேட்டாள் அவர் மனைவி ராமாமணி. தாரை வார்க்க அவளும்தானே பக்கத்தில் உட்கார வேண்டும்? “எட்டே முக்காலுக்கு வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு, விடிந்தும் விடியாமலும் டிரைவர் செங்கோடனோடு அவர் வெள்ளகோவிலுக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வருகிற கணக்கு நடுவழியில் முத்தூருக்கு இப்பால் வரைக்கும் சரியாகவே வந்தது. அங்கே ஒரு வாய்க்கால் பாலம். ஒரு வண்டி மட்டுமே போகலாம். மாரிஸ் நடுப்பாலத்துக்கு வந்தபோது எதிரே ஓர் ஆஸ்டின் கார் வந்து மூக்கோடு மூக்கு வைத்து நின்றது. உள்ளே நரசிம்மலு நாயுடு, பட்டு வேட்டியோடு. பக்கத்தில் வாட்சை மடியில் வைத்துக்கொண்டு அப்துல் குத்தூஸ். பெண்ணைப் பெற்றவர், கொடுமுடியிலிருந்து வெள்ளகோவிலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

இரண்டு பேரும் இறங்கிக் கும்பிட்டுக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுப்பதானாலும் கும்பிட்டுவிட்டுத்தான்.

“ஏனுங்க, கொஞ்சம் பின்னாடி எடுத்துக்கறீங்களா?” என்று கேட்டார் திருமலைசாமி.

“தப்பா நினைக்கப்படாதுங்க. பின்னாடி எடுத்தா கொடுமுடிப் பக்கமா ஓடுன மாதிரி ஆயிப்போகுமே.”

“ஒன்பது மணிக்கு எந்தத் திசைங்கறதுதானுங்க கணக்கு. இப்போ எப்படிப் போனாலும் ஒண்ணுமில்ல.”

“அப்போ நீங்க எடுங்களேன்.”

நியாயமான பேச்சு. திருமலைசாமி செங்கோடனைப் பார்த்தார். செங்கோடன் கைகட்டி நின்றான். “உங்க சித்தப்பா சொல்லிப்போட்டாருங்க. அரை அடி பின்னாடி போனாலும் நம்ம அம்மணி சின்ன மருமகளாப் போயிரும்னு. நான் மாட்டேனுங்க.”

அப்போது மணி எட்டே கால்தான். அதட்டியிருந்தால் செங்கோடன் எடுத்திருப்பான். அதட்ட வாய் திறந்த நேரத்தில் நரசிம்மலு நாயுடு ஒரு கேள்வி போட்டார். “அதிருக்கட்டுங்க. அந்தப் பாதிப்பாதிக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே?”

திருமலைசாமி கீழே உட்கார்ந்தார். சுள்ளி ஒன்றை எடுத்துப் பாலத்து மண்ணில் கோடு கிழித்தார். இது கொடுமுடி, இது வெள்ளகோவில், இது போகிற வெளிச்சம், இது வருகிற வெளிச்சம். பாதி என்று வைத்தால் சமன்பாடு எவ்வளவு எளிமையாக வருகிறது பாருங்கள் என்றார். எளிமையாக இருப்பதெல்லாம் உண்மையா என்று நாயுடு கேட்டார். வாட்சைக் கையில் கொண்டுபோனால் இந்தத் தொல்லையே இல்லையே என்றார் அப்துல் குத்தூஸ். கொண்டுபோகிற வேகத்தில் வாட்சும் துளி பின்தங்கும் என்று திருமலைசாமி அதற்கும் ஒரு கோடு போட்டார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை வகுப்பில் யாரும் பார்த்ததில்லை. பின்னால் இரண்டு மாட்டுவண்டிகளும் ஒரு பால்காரரும் வந்து நின்று, எதற்கும் இருக்கட்டும் என்று பாடத்தைக் கேட்டார்கள்.

“ஒன்பதுங்க” என்றார் அப்துல் குத்தூஸ்.

திருமலைசாமி தம் வாட்சை எடுத்தார். ஒன்பது. இரண்டு முள்ளும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருந்தன. இரண்டு காரும் அசையாமல் நின்றன. இவ்வளவு சுத்தமான ஒரே நேரம் உலகத்தில் எங்கும் அமைந்திருக்காது. அப்போதுதான் அவருக்குத் தாரைச் செம்பு ஞாபகம் வந்தது. கையிலிருந்த சுள்ளியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

ஒன்பது தாண்டியபின் திசைக்கு மதிப்பில்லை. இரண்டு டிரைவர்களும் ஒரே சமயத்தில் பின்னால் எடுத்தார்கள். பாலம் காலியாயிற்று. “நீங்க மொதல்ல போங்க” என்றார் நாயுடு. “இல்லீங்க, நீங்க பொண்ணைப் பெத்தவரு, நீங்க போங்க” என்றார் திருமலைசாமி. அவருடைய வாழ்க்கையில் அவர் செய்த ஒரே உருப்படியான மரியாதை அதுதான். அதிலும் ஐந்து நிமிஷம் போயிற்று.

கொடுமுடிக்கு அவர் வந்து சேர்ந்தபோது பந்தலில் சாப்பாட்டு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடந்ததை ராமாமணி ஒரே மூச்சில் சொன்னாள். எட்டே முக்காலுக்கு அவரைக் காணோம். புரோகிதருக்கு அடுத்த தெருவில் இன்னொரு கல்யாணம். அண்ணன் வரட்டும் என்று கனகம் அழுதாளாம். சித்தப்பா கேட்கவில்லை. அவரே மனையில் உட்கார்ந்து தாரை வார்த்துவிட்டார். எட்டு ஐம்பத்திரண்டுக்குத் தாலி ஏறிவிட்டது.

சாயங்காலம் வெள்ளகோவில் சேதி வந்தது. அங்கே அப்பா வராமல் மனையேற மாட்டேன் என்று பெண் உட்கார்ந்துகொண்டதாம். எல்லோரும் காத்திருந்தார்களாம். நரசிம்மலு நாயுடு ஓடிவந்து தாரை வார்த்த பிறகு ஒன்பது நாற்பதுக்குத் தாலி.

சித்தப்பா துள்ளிக் குதித்தார். “நாப்பத்தெட்டு நிமிஷம் முந்தி! இதுக்கு ஏதாச்சும் எதிர்வாதம் உண்டா கண்ணு?”

“இல்லீங்க” என்றார் திருமலைசாமி. “எந்தக் கார்ல எந்தத் திசையில ஓடினாலும் இது மாறாது. கனகந்தான் பெரிய மருமக.” வாட்சைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கனகம் புதுப்புடவையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். பாலத்தைச் சொன்னார், செங்கோடனைச் சொன்னார், எந்த இடமானாலும் ஒன்பது மணித் திசைதான் முக்கியம் என்று ஆற்றங்கரை அரை மைல் கணக்கையும் சொன்னார். எல்லாம் உனக்காகத்தான் அம்மணி என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவருக்கே கூசியது. எல்லாவற்றையும் கேட்டபின் கனகம் ஒரு கேள்வி போட்டாள்.

“ஓடற எடம் எதுங்கறது கணக்கில்ல, ஒன்பது மணிக்கு ஓடற திசைதான் கணக்குன்னு சொன்னீங்களே, நெசமாங்கண்ணா?”

“நெசந்தான்.”

“அப்படின்னா ஆத்துப் பக்கமா அந்தக் கடைசி அரை மைல் மட்டும் ஓடியிருந்தாப் போதுமில்லீங்க? வெள்ளகோவிலுக்கு எதுக்குங்கண்ணா போனீங்க?”

திருமலைசாமி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவள் சொன்னது சரி.