குழலிலா, கட்டையிலா

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த வாரம். இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலின் மூன்றாம் நாள் காலையில், முனியன் வாய்க்கால் கரை வழியாகவே சைக்கிளில் வந்து லாரன்சின் வீட்டு வாசலில் நின்றான். கள்ளக்குறிச்சியில் அன்று ஒரு கடையும் திறக்கவில்லை. கச்சிராயபாளையம் போகிற சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். லாரன்ஸ் தன் வெல்டிங் பட்டறையைப் பூட்டி இரண்டு நாள் ஆகியிருந்தது.

"பெரியவரு வூட்டு மோட்டாரு நின்னு போச்சுங்க. கரும்பு காயுது. கையோட கூட்டியாரச் சொன்னாரு" என்றான் முனியன்.

பெரியவர் என்றால் முனியன் வேலை பார்க்கிற வீரமுத்து. கல்வராயன் மலையின் அடிவாரத்தில் பதினைந்து ஏக்கர் கரும்பு வைத்திருந்தவர். அவருடைய பம்ப்செட்டை லாரன்ஸ் முன்பு இரண்டு முறை பார்த்துக் கொடுத்திருந்தான். ஊர் இப்படிக் கிடக்கும்போது எதற்கு என்று மனைவி இஞ்ஞாசியம்மாள் தடுத்துப் பார்த்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்து அலுத்துப் போயிருந்தவன், சாமான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளின் பின்னால் ஏறிவிட்டான்.

வீரமுத்துவின் வீட்டை அடைந்ததும் முனியன் கேட்டை உள்பக்கமாகச் சங்கிலி போட்டுப் பூட்டினான். மோட்டார் கொட்டகைப் பக்கம் போகவில்லை. நேராக மாடிக்கு அழைத்துப் போனான். மொட்டை மாடிக்கு முந்தின அறையில், பாயின் மேல், பழைய சேலையில் சுற்றிய ஒன்று கிடந்தது. அதன் நீளத்தைப் பார்த்ததுமே லாரன்சுக்குத் தெரிந்துவிட்டது. பட்டாளத்தில் பதினாறு வருஷம் துப்பாக்கி பழுது பார்த்தவன் அவன். அவிழ்த்துப் பார்க்கத் தேவையில்லை.

"மோட்டாரு நல்லாத்தான் ஓடுது மிலிட்டரி" என்றார் வீரமுத்து. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். "உண்மையச் சொன்னா நீ வரமாட்டன்னு அப்டி சொல்லச் சொன்னேன்."

பன்றிக் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய ரைபிள் அது. மறியல் முடியும்வரை துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள்; இவர் ஒப்படைக்கவில்லை. பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி. பெங்களூரில் பழைய பட்டாளச் சாமான் விற்கிற கடையில் வாங்கியது. அதற்குள் மடக்கி விரிக்கிற இரண்டு இரும்புக் கால்கள், துப்பாக்கிக் குழலைக் கவ்விப் பிடிக்க ஒரு வளையம், நாலைந்து திருகுகள். பட்டாளத்தில் அதற்கு பைபாட் என்று பெயர். வீரமுத்து கவட்டைக்கால் என்றார்.

"தை மாசம் வாதம் வந்ததுலேர்ந்து இந்தக் கை நிக்கமாட்டேங்குது. ஏந்திப் புடிக்க முடியல. இத்த மாட்டிக் குடு, போதும்."

"பன்னிக்குங்களா?"

வீரமுத்து எழுந்து மொட்டை மாடிக்கு நடந்தார். லாரன்ஸ் பின்னால் போனான். கரும்புக் காட்டுக்கு அந்தப் பக்கம் முந்நூறு கஜத்தில் சாலை. அங்கே மதகின் மேலும் சாய்ந்த மரங்களின் மேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது பேர் இருக்கலாம். கொடி ஒன்று தெரிந்தது.

"மொத நாளு என் பனைமரத்த வெட்டிச் சாச்சானுங்க. சத்தம் போட்டேன். சாயங்காலமே போலீசு வந்து நாலு பேரப் புடிச்சிக்கினு போச்சு. நான்தான் ஆளு காட்டினேன்னு பேசிக்கிறானுங்க. சத்தியமா நான் இல்ல. இன்னிக்குக் கரும்பு எரியும், அப்புறம் வூடுன்னு நேத்து ஒருத்தன் வேலிக்கு அப்பால நின்னு சொல்லிட்டுப் போனான்." வலது கையால் மதகைக் காட்டினார். "எல்லாம் எங்க ஆளுங்கதான். நான் தூக்கி வளத்த பசங்க. அதான் ஜாஸ்தி பயமா கீது."

ஒரு கிழவர் இப்படி மறைக்காமல் பயத்தைச் சொன்னதும் லாரன்சின் பயமும் வளர்ந்தது. துப்பாக்கி வேலை செய்ய அவனுக்கு லைசென்ஸ் கிடையாது. பிடிபட்டால் ஜெயில், பென்ஷனும் போய்விடும். அதைவிடப் பெரியது, இந்தக் கை நடுங்குகிற மனிதர் அங்கே யாரையாவது சாய்த்துவிட்டால், அந்தச் சாவில் தன் கையும் இருக்கும்.

"நான் போறேங்க பெரியவரே."

"கேட்டு பூட்டிக் கீது" என்றார் வீரமுத்து. மிரட்டுகிற குரல் இல்லை அது. கெஞ்சுகிற குரலும் இல்லை. "நான் ஆளச் சுடப் போறதில்ல. வந்தானுங்கன்னா தலைக்கு மேல ரெண்டு வேட்டு. ஓடிடுவானுங்க. வளையத்த மாட்டு, பத்து நிமிசத்துல நீ போய்க்கினே இரு."

பத்து நிமிஷம்கூட ஆகாது. வளையத்தைக் குழலில் கவ்வ விட்டு இரண்டு திருகை முடுக்கினால் தீர்ந்தது. லாரன்ஸ் அறைக்குத் திரும்பி வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். மாட்டிக் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லின. ஆனால் பழைய தொழிலின் புத்தி குறுக்கே வந்து நின்றது.

"குழல்ல மாட்டக் கூடாதுங்க."

"ஏன்?"

"சுடும்போது குழல் துடிக்கும். அதுல பாரத்தக் கட்டித் தரையில ஊனிட்டா துடிப்பு மாறிடும். குண்டு நீங்க குறி வெச்ச எடத்துக்குப் போவாது. முந்நூறு கஜத்துல ரெண்டு அடி மேலயும் போவும், ரெண்டு அடி கீழயும் போவும். சுட்டுப் பாத்துத்தான் சொல்ல முடியும்."

"நான்தான் தலைக்கு மேலன்னு சொல்றனே."

"அதாங்க. நீங்க தலைக்கு மேலன்னு சுடுவீங்க. அது தலைக்குப் போச்சின்னா?"

வீரமுத்து பெட்டியைக் கிட்டே இழுத்தார். "அப்ப இன்னா பண்றது?"

"குழலுக்கு அடியில இருக்கிற கட்டையில மாட்டணும். மரத்துல துளை போட்டு உள்ளாற ஒரு தகடு வெச்சி முடுக்கணும். அதுக்குக் குழலத் தனியா கழட்டணும். கழட்டாம துளை போட்டா டிரில் போயி குழலத் தொட்டுடும். மத்தியானம் ஆயிடும்."

"அவ்ளோ நேரம் இல்ல மிலிட்டரி. வளையத்தப் போடு."

"கட்டையில மாட்டினாத்தான் நேரா போவும்."

"போடுன்னா போடு" என்று வீரமுத்து அதட்டினார். லாரன்சின் விரல்கள் வளையத்தின் திருகைத் தொட்டுவிட்டன. அப்போது மதகுப் பக்கமிருந்து ஒரு கூச்சல் கேட்டது. இருவரும் திரும்பினார்கள். யாரோ பேசியதற்குக் கைதட்டல், அவ்வளவுதான். வீரமுத்துவின் இடது கை துள்ளித் துள்ளி ஆடியது. அதை அவரே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. கட்டையிலயே மாட்டு. சீக்கிரம்" என்றார்.

லாரன்ஸ் வளையத்தைத் தன் சாமான் பைக்குள் போட்டான். பாயில் உட்கார்ந்து ரைபிளின் அடித்திருகுகளைக் கழற்றினான். பழைய பழக்கத்தில் கை தானாக ஓடியது. குழல் தனியே வந்தது. கட்டை தனியே வந்தது. சரியாகச் செய்கிறோம் என்று முதலில் ஒரு நிம்மதி இருந்தது. பிறகு அதுவும் கெட்டது. சரியாகச் செய்தால் குண்டு இவர் நினைத்த இடத்துக்கே போகும். அந்த நேரத்தில் இவர் எதை நினைப்பார் என்று யாருக்குத் தெரியும்?

வீரமுத்து மறுபடியும் மாடிச் சுவரோரம் போய் நின்றதும், அவர் மனைவி அம்சவள்ளி மோர்ச் சொம்போடு மேலே வந்தாள். சொம்பை வைத்துவிட்டு அங்கேயே குந்தினாள்.

"தம்பி, இவருக்குக் கேக்காத மாதிரி சொல்றேன். எம்மவன் தங்கதுரை அங்கதான் கீறான்."

லாரன்ஸ் கையை நிறுத்தினான். "எங்க?"

"அந்த மதகுலதான். எலவனாசூர்கோட்டைக்கு மாமன் வூட்டுக்குப் போனான், பஸ் இல்லாம மாட்டிக்கினான்னு இவரு நெனச்சிக்கினு கீறாரு. அவன் மொத நாள்லேர்ந்து மறியல்ல கீறான்."

"சொல்லிடுங்கம்மா."

"சொன்னா வெட்டிப் போட்டுடுவேம்பாரு. சொல்லலன்னா சுட்டுப் போட்டுடுவாரு போலக் கீது. நான் இன்னா பண்ணுவேன்?" கண்ணில் நீர் இல்லை, உதடுகள் மட்டும் வெளுத்திருந்தன. "அத்த ஒடச்சிடு தம்பி."

"ஒடச்சா நான் வெளிய போவ முடியாதும்மா. நீங்க சொல்லித்தான் ஆவணும். இன்னும் ஒரு மணி நேரம் இது ஒண்ணு சேராது. அதுக்குள்ள சொல்லிடுங்க."

அவள் எழுந்து படியில் இறங்கினாள். மாடிப் பக்கம் போகவில்லை. லாரன்ஸ் கை டிரில்லை எடுத்துக் கட்டையில் வைத்தான். மெதுவாகச் சுற்றினான். வேண்டுமென்றே மெதுவாக. பழைய எண்ணெயில் ஊறிய மரத்தூள் அவன் முழங்கையில் கறுப்பாக ஒட்டியது. ஒரு துளை முடிந்தது. இரண்டாவதைத் தொடங்கினான். வீரமுத்து இரண்டு முறை வந்து ஆச்சா என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் முறை வந்தபோது குண்டுகள் அடைத்த டப்பாவை வேட்டி மடிப்பில் கட்டியிருந்தார்.

தகட்டை உள்ளே வைத்து முடுக்கி, கால்களைப் பூட்டி விரித்தபோதுதான் அந்தச் சத்தம் வந்தது. பட், பட், பட். மூன்று.

"வேட்டு வெக்கிறானுங்க" என்றார் வீரமுத்து.

"வேட்டு இல்லீங்க. போலீசு ரைபிளு." லாரன்ஸ் எழுந்துவிட்டான். அந்தச் சத்தத்தை அவன் தூக்கத்திலும் அடையாளம் சொல்லுவான்.

இருவரும் சுவரோரம் ஓடினார்கள். சாலையில் வெள்ளையாகப் புகை. மதகில் ஒருவரும் இல்லை. கரும்புக் காட்டின் தலைகள் ஆடின. ஆட்டம் ஒரே கோடாக வீட்டைப் பார்த்து வந்தது.

"வந்துட்டானுங்க. பூட்டு. சீக்கிரம் பூட்டு."

வீரமுத்து அவன் தோளைப் பிடித்து அறைக்குள் தள்ளினார். லாரன்ஸ் குழலைக் கட்டையில் பதித்தான். முன்திருகு விரலிலிருந்து நழுவிப் பாயில் விழுந்தது. தேடி எடுத்தான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. வெளியே கரும்புச் சோகை நொறுங்குகிற சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. இன்னும் ஆறு சுற்று, பின்திருகு, அவ்வளவுதான். அவன் கை அங்கேயே நின்றுவிட்டது. முடுக்கவும் வரவில்லை, கீழே வைக்கவும் வரவில்லை.

"குடுறா இங்க" என்று வீரமுத்து அதைப் பிடுங்கினார். ஒரு கையில் கட்டையோடு குழல் ஆடியது.

படியில் அம்சவள்ளி நின்றிருந்தாள். "அதுல நம்ம துரை கீறான்" என்றாள். கத்தவில்லை. மூச்சுவாங்கச் சொன்னாள்.

"அவன் எலவனாசூர்லதான கீறான்."

"இல்ல. மூணு நாளா இங்கதான்."

கரும்பைப் பிளந்துகொண்டு முதல் ஆள் வெளியே வந்தான். கையில் கழியோ தீயோ இல்லை. சட்டையைக் கழற்றித் தலையில் அழுத்திப் பிடித்திருந்தான், அது சிவந்திருந்தது. அவன் வலது காலைச் சற்றே இழுத்து ஓடிவந்ததைப் பார்த்ததும் வீரமுத்து ரைபிளைக் கீழே வைத்தார். அந்தக் கால் சின்ன வயசில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்து உடைந்த கால். பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முனியா, கேட்டத் தொற" என்று அம்சவள்ளிதான் சொன்னாள்.

பதினோரு பேர் உள்ளே வந்தார்கள். போலீஸ் ஆகாயத்தைப் பார்த்துத்தான் சுட்டதாம். அடி லத்தியால் விழுந்ததாம். எரிப்பதற்கு வரவில்லை, ஒளிய இடம் இல்லாமல், கண்ணில் பட்ட முதல் வீட்டுக்கு ஓடிவந்திருந்தார்கள். அம்சவள்ளி மகனின் தலைக்கு ஈரத்துணி கட்டிவிட்டு மாடிக்கு ஏறி வந்தாள். ரைபிளையும் அட்டைப் பெட்டியையும் அவர் மடியிலிருந்த குண்டு டப்பாவையும் சேலையோடு வாரி எடுத்துக்கொண்டு போய் நெல் குதிருக்குள் இறக்கி, மேலே நெல்லைத் தள்ளினாள். லாரன்ஸ் பையை எடுத்துக்கொண்டு கீழே வந்து மோட்டார் கொட்டகை ஓரம் நின்றான். தொட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டான்.

கால்மணி நேரத்தில் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரும் ஐந்தாறு போலீசும் இறங்கினார்கள். வீரமுத்து இறங்கி வந்து கேட்டருகே நின்றிருந்தார்.

"எல்லாம் எங்க ஆளுங்கதாங்க. கரும்பு சோகை உரிக்க வந்தவங்க" என்றார்.

"சோகை உரிச்சா மண்டை ஒடையுமா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். பிறகு லாரன்சைப் பார்த்தார். "நீ யாரு?"

"மோட்டார் மெக்கானிக்குங்க. கள்ளக்குறிச்சி."

அவர் குனிந்து சாமான் பைக்குள் கையை விட்டார். ஸ்பேனர், டிரில், அப்புறம் அந்த வளையம். அதை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். லாரன்சுக்குத் தன் முழங்கையில் மரத்தூள் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவும் பயமாயிருந்தது.

"இது இன்னா?"

"பைப்பு கிளாம்புங்க."

வளையம் பைக்குள் திரும்ப விழுந்தது. தங்கதுரையையும் இன்னும் மூன்று பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாடிக்கு யாரும் ஏறவில்லை.

லாரன்ஸ் வாய்க்கால் கரையோடு நடந்தே வீடு வந்தான். பாதி வழியில் வாந்தி எடுத்தான். மோட்டார் வேலை என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். இஞ்ஞாசியம்மாள் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் வளையத்தை வாங்கிக்கொண்டு போய் கிணற்றில் போட்டுவிட்டு வந்தாள். அதற்கப்புறம் ஒரு மாதம், வாசலில் எந்த வண்டி நின்றாலும் அவன் சாப்பாட்டில் வைத்த கை அப்படியே நின்றுவிடும்.

யாரும் வரவில்லை. மறியல் முடிந்த மறுவாரம் வீரமுத்துவே ரைபிளை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டார் என்றும், திரும்ப வாங்கப் போகவில்லை என்றும் முனியன் சொன்னான். தங்கதுரை இருபத்திரண்டு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். அப்பனும் மகனும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒரே வேளையில் சாப்பிட உட்காருகிறார்களாம்.

தைக்குப் பிறகு ஒருநாள், நிஜமாகவே பழுதான மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீரமுத்து பட்டறைக்கு வந்தார். வேலை முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மழையைப் பற்றி, கரும்பு வெட்டு ஆள் கம்மியானதைப் பற்றிப் பேசினார். கடைசியில்தான் கேட்டார்.

"அன்னிக்கு நான் சொன்ன மாதிரி வளையத்த மாட்டிக் குடுத்திருந்தா?"

லாரன்ஸ் கையில் இருந்த கிரீசைத் துணியில் துடைத்தான். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இன்னும் ஒரு தரம் அதட்டியிருந்தீங்கன்னா மாட்டிக் குடுத்திருப்பேங்க" என்றான்.

வீரமுத்து தலையை ஆட்டினார். இருவருமாக மோட்டாரைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். அவருடைய இடது கைப் பக்கத்தின் பாரத்தையும் லாரன்சே தாங்கிக்கொண்டான்.